செவ்வாய்க்கிழமைத் தண்ணீர்

பட்டு நூல் அறுந்தால் எங்கள் வீட்டில் திராட்சைக்குத் தண்ணீர் ஓடும். இப்படி ஒரு கூத்தை ஆரணியில் வேறு எந்த வீட்டிலும் பார்த்திருக்க முடியாது. நான் தறியில் உட்கார்ந்திருப்பேன். பங்குனி பிறந்து வறட்டுக் காற்று வீச ஆரம்பித்தால் போதும், தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டிய பாவு நூல் விறைத்துக்கொண்டு பட்டுப் பட்டென்று அறும். "ஐயோ, மறுபடியும் அறுந்துடுச்சி" என்று நான் வாயைத் திறக்க வேண்டியதுதான், என் வீட்டுக்காரர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். "காத்து காஞ்சி கெடக்குது. கொடிக்குத் தாகம் எடுத்திருக்கும்" என்பார். அறுந்த இழையைப் பிணைக்கக் கூடமாட ஆள் இல்லாமல் நான் கத்திக்கொண்டிருப்பேன். அவருடைய மொபெட் அதற்குள் தெருமுனையைத் தாண்டியிருக்கும்.

அவரும் நெசவாளி. அதனால் வந்த வினைதான் இது. பட்டு நெய்கிற வீட்டில் காற்றில் ஈரம் குறைந்தால் முதலில் பாவுக்குத்தான் தெரியும். உடனே தறிக்குழியைச் சுற்றித் தண்ணீர் தெளிப்போம், சன்னலில் ஈரச் சாக்கைத் தொங்கவிடுவோம். கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி. மொத்தமாக ஊற்றினால் தரை சொதசொதவென்று ஆகிப் பட்டு கெட்டுப்போகும். மீசை முளைப்பதற்கு முன்பிருந்து இதையே செய்து பழகிய மனுஷன் கையில் ஒரு திராட்சைத் தோட்டத்தைக் கொடுத்தால் வேறு என்ன செய்வார்? தோட்டத்துக்கும் தெளித்தார்.

திராட்சை எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். போளூர் ரோட்டில் ஒரு லாரி உரசி அவருடைய வலது முட்டி நொறுங்கியது. வேலூரில் தகடு வைத்து ஒட்டினார்கள். நடக்கலாம், வண்டி ஓட்டலாம், ஆனால் அந்தக் கால் மடங்காது. குழித்தறியில் காலைத் தொங்கப்போட்டு மிதிக்கட்டையை மிதிக்காமல் நெய்ய முடியுமா? ஒரு நாள் யாரும் இல்லாத நேரம் பார்த்து, குழிக்குள் இறங்கப் பார்த்திருக்கிறார். நான் கடையிலிருந்து வந்தபோது நீட்டிய கால் நீட்டியபடி தரையில் கிடந்தார். தூக்கிவிட்டேன்.  மறுநாளிலிருந்து தறியில் நான் உட்கார்ந்தேன்.

நான் ஒன்றும் குறைந்தவள் இல்லை. தாய் வீட்டிலேயே சேலை நெய்து இறக்கியவள். முகூர்த்த மாதங்களில் கடைக்காரர்கள் எனக்குப் போன் மேல் போன் போடுவார்கள். ஆகவே சோற்றுக்குப் பஞ்சம் வரவில்லை. பஞ்சம் வந்தது அவருடைய பேச்சுக்கு. நாற்காலியில் உட்கார்ந்து எனக்குக் குறுக்கே ஓட்டும் ஊடை நூல் சுற்றித் தருவார், தெருவைப் பார்ப்பார், மறுபடியும் சுற்றுவார். யாராவது "என்னப்பா, வேலை எப்படிப் போவுது" என்று கேட்டால் என்னைக் கைகாட்டிவிட்டு உள்ளே போய்விடுவார். எனக்குப் பார்க்கப் பாவமாக இருக்கும். அந்த இரக்கம் எனக்குக் கோபமாகத்தான் வெளியே வரும், என் புத்தி அப்படி. இன்னும் ரெண்டு வார்த்தை அதிகமாகத் திட்டுவேன்.

அப்படி இருக்கையில் கம்பம் பக்கம் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனோம். கல்யாண மண்டபத்துக்குப் பின்னால் திராட்சைத் தோட்டம். கல்தூண் நட்டு, தலைக்கு மேலே கம்பி கம்பியாக இழுத்துக் கட்டி, அதன்மேல் கொடி படர்ந்திருந்தது. பந்தியில் ஆளைக் காணோம் என்று தேடிப் போனால், மனுஷன் பந்தலுக்கு அடியில் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கிறார். "இன்னாமே, பாத்தியா?" என்றார். "பாவு ஓட்டினாப்ல கம்பி போட்டுக்கிறாங்க. எல்லா வேலையும் தலைக்கு மேல. குனியவே வேணாம். நின்னுகினே செய்யலாம்." இலை ஆறிப்போகிறது வாருங்கள் என்று நான் கையைப் பிடித்து இழுத்தேன். வண்டி ஏறும்வரை அதே பேச்சுதான். விபத்துக்குப் பிறகு அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

களம்பூர் போகிற வழியில் எங்களுக்குக் கொஞ்சம் செம்மண் நிலம் உண்டு. மாமனார் காலத்துச் சொத்து. அதன் கிணறு பொதுக்கிணறு, பாதி எங்களுக்கு, பாதி பக்கத்து நிலத்து டீச்சரம்மாவுக்கு. அவர்கள் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்துகிறவர்கள். வேதக்கார வீடு. விடிந்ததும் ஸ்கூட்டரில் வந்து வேர்க்கடலையைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் பள்ளிக்கூடம் போவார்கள். கிணற்றில் தண்ணீர் குறையும்போது முறை வைத்துக்கொள்வது அந்தக் காலத்திலிருந்தே வழக்கம். செவ்வாய் எங்களுக்கு, வெள்ளி அவர்களுக்கு. நடுவில் கிணறு ஊற வேண்டும். ஞாயிறு அவர்கள் சர்ச்சுக்குப் போவதால் அன்றைக்கு யாருமே மோட்டாரைத் தொடுவதில்லை. முறை நாளில் எடுக்காமல் விட்டால் விட்டதுதான், அந்தத் தண்ணீர் அடுத்தவருக்கு. சண்டை வராமல் இருக்க முன்னோர்கள் போட்ட ஏற்பாடு.

அந்த நிலத்தில் கல்தூண் நட்டார், கம்பி இழுத்தார். கம்பி இழுப்பதைத் தெருவே வந்து வேடிக்கை பார்த்தது. "ஆரணில திராட்சையா? பேஜாரான மனுஷன்யா" என்று டீக்கடையில் சிரித்தார்கள். சிரித்தவர்களை நான் நேரிலேயே ரெண்டு கேட்டேன், அது வேறு கதை. வீட்டுக்கு வந்து அவரையும் கேட்டேன்.

என் அண்ணன் செய்யாறு பக்கம் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். நல்ல மனுஷன், தங்கை வீடு என்றால் உயிர். அவன் ஒரு நாள் வந்து, "மாப்ளே, எங்க கேட்டுல செக்யூரிட்டி வேலை இருக்குது. நாற்காலி போட்டு உக்காரலாம். பஸ்சு ஆரணிக்கே வருது. ஏறி உக்காந்தா போதும்" என்றான். எனக்கு அது தெய்வ வாக்காகப் பட்டது. இவர் தன் ரெண்டு கையையும் பார்த்துவிட்டு, "அங்க உக்காந்துகினு கையை இன்னா பண்றது மச்சான்?" என்று கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டார்.  காய்ப்பு வரட்டும், பார்ப்போம் என்று அன்றைக்கு எழுந்து போனான்.

முதல் காய்ப்பு வந்தது. அந்த வருஷம் ஏரி நிரம்பிக் கிணறு தளும்பியதால் முறையே தேவைப்படவில்லை. எனக்கு நூல் அறும்போதெல்லாம் அங்கே மோட்டார் ஓடியது. கொடியும் மளமளவென்று ஏறியது, கொத்துக் கொத்தாகக் காய்த்தது, கறுக்க ஆரம்பித்தது. தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன், எல்லாருக்கும் கூடைகூடையாகத் தருவேன் என்று. ஒரு காலை போய்ப் பார்க்கிறோம், பழம் பழமாக வாயைப் பிளந்திருக்கிறது. வெடிப்பிலிருந்து சாறு வடிந்து, அதில் ஈயும் தேனீயும் மொய்த்துக்கொண்டிருந்தன. புளித்த வாடை. தண்ணீரைக் குடித்துக் குடித்துத் தோல் தாங்காமல் வெடித்திருக்கின்றன. அவர் ஒவ்வொரு கொத்தாகத் தூக்கித் தூக்கிப் பார்த்தார். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. நானே பேசவில்லை என்றால் எவ்வளவு பெரிய அடி என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் வந்தான். "அடுத்த காய்ப்பு வரைக்கும் டைம் எடுத்துக்கோ மாப்ளே. அதுவும் போச்சின்னா மறுபேச்சு பேசாம பஸ் ஏறணும். சரியா?" என்றான். "சரி மச்சான்" என்றார் இவர். அவர் சரி என்றால் சரிதான். வாக்குக் கொடுத்துவிட்டுப் பின்வாங்கத் தெரியாத மனுஷன். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அடுத்த காய்ப்பு என்பதைத் தவிர வேறு பேச்சில்லை.

அந்த அக்னி வெயிலில் இன்னொரு அடியும் விழுந்தது. மோட்டாரின் கம்பிச் சுருள் கருகிவிட்டது. மெக்கானிக் இன்றைக்கு நாளைக்கு என்று இழுத்தடித்தான். தறியில் நூல் அறும், இவர் எழுந்து நிற்பார், மோட்டார் இல்லை என்று ஞாபகம் வந்து மறுபடியும் உட்காருவார். பார்க்கச் சகிக்கவில்லை. கொடி எல்லாம் செத்திருக்கும் என்று நினைத்துத்தான் ஒரு காலை ரெண்டு பேரும் போனோம். துக்க வீட்டுக்குப் போகிற மாதிரி நான் பூகூட வைத்துக்கொள்ளவில்லை.

போனால், கொடி சிவனே என்று நிற்கிறது! இலை பச்சையாக விரிந்திருக்கிறது. ஓரத்தில் சில கொடிகள்தான் வாடியிருந்தன. இவருக்கு நம்பிக்கை வரவில்லை. கடப்பாறையை எடுத்து ஒரு கொடியின் அடியில் தோண்டினார். மேல் மண் புழுதியாகப் பறந்தது. அந்தப் புழுதியில்தான் மெல்லிசு வேர்கள் சிக்குப் பிடித்துக் கிடந்தன, தெளித்த தண்ணீருக்காக மேலேயே காத்திருந்து பழகிய வேர்கள். அதற்கும் கீழே தோண்டினார். முழங்கை போகிற ஆழத்தில் கையை விட்டு ஒரு பிடி மண்ணை எடுத்தார். பிடித்தது பிடித்தபடி உருண்டையாக நின்றது. அதைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். "ஜில்லுனு இருக்குதுமே" என்றார். என் கன்னத்திலும் வைத்தார். சீ, மண்ணை எடுத்து மூஞ்சியில் பூசிக்கொண்டு என்று தட்டிவிட்டேன். ஆனால் ஜில்லென்றுதான் இருந்தது.

"நான் காத்தைப் பாத்துகினு இருந்தேன். இது கீழ இருந்து குடிக்குது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அன்றைக்கு அவர் முகத்தில் வந்த வெளிச்சம் இருக்கிறதே, கல்யாணத்தன்று கூட நான் அதைப் பார்க்கவில்லை. தோற்றுப்போனது எதனால் என்று தெரிந்துவிட்டால் சில பேருக்கு அதுவே பாதி ஜெயித்த மாதிரி. நானாக இருந்தால் யார்மேல் பழி போடலாம் என்று தேடியிருப்பேன். அவர் இன்னும் ஆழமாகத் தோண்டினார்.

அதற்குப் பிறகு அவர் தண்ணீர் விட்ட விதமே மாறிவிட்டது. விட்டால் ஆழமாக இறங்குகிற மாதிரி நின்று நிதானமாகத் தண்ணீர் விடுவார். பிறகு நாள் கணக்கில் விடவே மாட்டார். வேர் தண்ணீரைத் தேடிக் கீழே போகட்டும் என்பார். ஆனால் எப்போது விடுவது? அதற்குத்தான் தினமும் விடிந்ததும் போனார். கொடியின் நுனியில் சுருண்டு நீட்டிக்கொண்டு கம்பியைத் தேடுமே, அந்தப் பற்றுக்கம்பிக்கு அவர் வைத்த பேர் மீசை. மீசை கொடியின் நுனியைத் தாண்டி முறுக்கிக்கொண்டு நின்றால் கொடிக்கு ஒரு குறையும் இல்லை. மீசை தொங்கினால் தாகம் எட்டிப் பார்க்கிறது. காய்ந்தால் கவனிக்க வேண்டும். அப்புறம் இலை. இலையின் முதுகைக் கன்னத்தில் வைத்துச் சூடு பார்ப்பார். தண்ணீர் உள்ள இலை வெயிலிலும் குளுமையாக இருக்குமாம். "கட்டின பொண்டாட்டி கன்னத்தை ஒரு நாள் இப்படித் தொட்டுப் பாத்தது இல்ல" என்றேன். "உன் கன்னம் எப்பவும் சூடுதான், தொட்டுப் பாத்து இன்னா பண்றது" என்றார். பேச்சு திரும்பிவிட்டது பாருங்கள். எனக்கு அது போதுமாக இருந்தது.

அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. தை முடிவதற்குள் கிணறு கீழே போய், முறை வைத்தே ஆகவேண்டும் என்றானது. கொடியைக் கவாத்து வெட்டிவிட்டு, துளிர்த்து, பூத்து, ரெண்டாவது காய்ப்பு வந்தபோது பங்குனி வெயில் தீயாகக் காய்ந்தது. தறியில் என் நூல் அறுந்தது. அவர் எழுந்திருக்கவே இல்லை. "பாவு அதும்பாட்டுக்கு அறுவட்டும். அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல" என்று நாற்காலியை என் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு இழையைப் பிணைத்துத் தந்தார்.

பழம் பாதி கறுத்து, பாதி சிவப்பாக இருந்த சமயம். செவ்வாய்க்கிழமை, எங்கள் முறை. அண்ணன் வேறு வந்திருந்தான். மூன்று பேரும் தோட்டத்தில் நின்றோம். உச்சி வெயிலில் இலையெல்லாம் துவண்டு தொங்கியது. 

"இன்னா மாப்ளே, கொடி வாடிகினு கெடக்குது. ஜல்தியா மோட்டாரைப் போடு" என்றான் அண்ணன்.

"மத்தியானம் தொங்கறது நடிப்பு மச்சான். இந்த வெயில்ல நானும்தான் தொங்கறேன். காலைல வந்து பாத்தேன், இலை நிமிந்துதான் இருந்திச்சி. மீசை இன்னும் காயல."

சொல்லிவிட்டுப் போனை எடுத்து டீச்சரம்மாவைக் கூப்பிட்டார். "டீச்சரம்மா, இன்னிக்கி என் முறையை நீங்க எடுத்துக்கோங்க. உங்க கடலை காய் புடிக்கற நேரம், மண்ணு வெடிச்சிக் கெடக்குது. ஆமாம்மா, நெஜமாத்தான். எனக்கு இப்ப வேணாம்."

எனக்கு உச்சந்தலையில் ஏறியது. "யோவ், உனக்கு இன்னா புத்தி கெட்டுப்போச்சா? அடுத்த செவ்வா வரைக்கும் இது தாங்குமா? ஊருக்குத் தண்ணிப் பந்தல் வெச்சிட்டு நம்ம கொடியைச் சாவடிக்கறதா? இந்தக் காய்ப்பும் போனா இன்னான்னு தெரியுமில்ல?"

"தெரியும்மே."

"அப்பறம்?"

"நம்ம கொடி இன்னும் கேக்கல. அவங்க கடலை கேக்குது. கேக்காத வாய்ல ஊத்தித்தான் போன வருஷம் வெடிச்சிச்சி."

அண்ணன் என்னைப் பார்த்தான், நான் அண்ணனைப் பார்த்தேன். "என்னமோ பண்ணு" என்று சொல்லிவிட்டு அவன் பஸ்சுக்குப் போனான். எதிர்ப் பக்கம் டீச்சரம்மா நிலத்து ஆள் வந்து மோட்டாரைப் போட்டார். எங்கள் தண்ணீர் எங்கள் கண் முன்னாலேயே அந்தப் பக்கம் திரும்பி ஓடியது. நான் அவரோடு பேசுவதை நிறுத்தினேன். சோறு போட்டேன், குழம்பு ஊற்றினேன், முகத்தைப் பார்க்கவில்லை. தறியில் பலகையை அடித்த அடியில் பக்கத்து வீட்டுக்காரி வந்து என்ன சண்டை என்று கேட்டுவிட்டுப் போனாள்.

வெள்ளிக்கிழமை டீச்சரம்மாவின் முறை. அவர்கள் தண்ணீர் எடுத்தார்கள். சனிக்கிழமை விடிந்ததும் போன இவர், போன வேகத்தில் திரும்பி வந்தார். மொபெட்டை நிறுத்தக்கூட இல்லை, சுவரில் சாய்த்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தார். முகம் வெளிறியிருந்தது.

"கேட்டுடுச்சி" என்றார்.

எனக்குப் புரிந்துவிட்டது. விடிகாலையிலேயே இலை நிமிரவில்லை. மீசை எல்லாம் காய்ந்து சுருண்டுவிட்டது. இனிமேல் பழத்தில் இருக்கிற சாற்றையே கொடி திரும்ப இழுத்துக்கொள்ளும், பழம் சுருங்கிப்போகும். செவ்வாய் வரை தாங்காது. கிணற்றை நேற்றுத்தான் அவர்கள் இறைத்திருக்கிறார்கள், தரை தெரியும்.

"போய் எட்டிப் பாத்தியா?"

"இல்ல. அவங்க முறை முடிஞ்ச கெணத்துல எனக்கு இன்னா வேலை?"

"டீச்சரம்மாகிட்ட ஒரு வார்த்தை கேளுய்யா. நீ குடுத்த இல்ல?"

"குடுத்ததைச் சொல்லிக் காட்டி வாங்கறதா? அது குடுத்ததே இல்லன்னு ஆய்டும்." அவ்வளவுதான். மண்ணில் அடித்த முளை மாதிரி உட்கார்ந்துவிட்டார்.

வந்த கோபத்தில் நான் தறியிலிருந்து எழுந்தேன். ஊடை ஓட்டும் நாடாவை அப்படியே போட்டுவிட்டு, கட்டியிருந்த சேலையோடு, அவருடைய மொபெட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். வழி முழுக்க டீச்சரம்மாவிடம் பேச வேண்டியதை ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன். அவருக்கு மானம் பெரிசு, எனக்கு அவர் பெரிசு. காலில் விழ வேண்டுமானால் விழுவது, சண்டை போட வேண்டுமானால் போடுவது என்று ரெண்டுக்கும் தயாராகத்தான் போனேன்.

சனிக்கிழமை பள்ளிக்கூடம் இல்லை. டீச்சரம்மா கிணற்றடியிலேயே நின்றிருந்தார்கள். நான் வாயைத் திறப்பதற்கு முன்னால், "வாங்கக்கா, நானே போன் பண்ணலாம்னு இருந்தேன்" என்றார்கள். "உங்க வீட்டு அண்ணன் எங்க? வந்தாரு, பாத்தாரு, பேசாம திரும்பிப் போய்ட்டாரு. நான் கூப்பிட்டது கூடக் காதுல விழல."

கிணற்றை எட்டிப் பார்த்தேன். தண்ணீர் கிடந்தது. பாதிக்கு இல்லை என்றாலும் பளபளவென்று கிடந்தது.

"நேத்து நான் கொஞ்சம்தாங்க்கா எடுத்தேன்" என்றார்கள். "செவ்வாக்கிழமை உங்க தண்ணி பாஞ்சதுல கடலைக்குப் பாதி வேலை முடிஞ்சிடுச்சி. தெனம் காலைல அண்ணன் இலையைத் தொட்டுத் தொட்டுப் பாக்கறதை நான் பாத்துகினுதான் இருக்கேன். வியாழக்கிழமையே அவர் முகம் சரியில்ல. சரி, கொடி கேக்கப்போவுது, இவர் வாயைத் திறந்து கேக்கமாட்டாருன்னு நெனச்சி நிறுத்தி வெச்சேன்."

அவர் கொடியைப் பார்த்த மாதிரியே அவரை ஒரு ஆள் பார்த்திருக்கிறார். ஒத்திகை பார்த்த பேச்சில் ஒன்றுகூட எனக்கு உதவவில்லை. டீச்சரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ நல்லா இருக்கணும் தாயி" என்றேன்.  போனைப் போட்டு, "இன்னும் அங்க இன்னாய்யா பண்ற? ஷேர் ஆட்டோ புடிச்சி ஓடியா" என்று அவரிடம் கத்தினேன்.

வந்தார். கிணற்றைப் பார்த்தார். டீச்சரம்மாவைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். "அண்ணே, அதெல்லாம் அப்பறம். மொதல்ல மோட்டாரைப் போடுங்க" என்றார்கள் அவர்கள்.

அப்புறம் நடந்ததைத்தான் நான் இன்றைக்கும் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோகிறேன். செத்துப் பிழைத்த மனுஷன், கிடைத்த தண்ணீரை மடமடவென்று பாய்ச்ச வேண்டாமா? மாட்டேன் என்றார். தாகத்தில் கிடக்கிற கொடி ஒரே மூச்சில் குடித்தால் பழம் வெடிக்கும். போன வருஷம் பார்த்தோமே. மண்வெட்டியோடு ஒவ்வொரு பாத்தியாகப் போனார். மடங்காத காலைப் பக்கவாட்டில் நீட்டி ஊன்றிக்கொண்டு, மடையைத் திறப்பார், விரல் கனத்துக்குத் தண்ணீரை விடுவார், மண்ணையே பார்த்துக்கொண்டு நிற்பார், அடைப்பார், அடுத்ததற்குப் போவார். "இன்னும் கொஞ்சம் வுடுய்யா, பாவம் அது" என்று நான் பின்னாலேயே கெஞ்சிக்கொண்டு போனேன். "கம்முனு இருமே" என்றார். அதட்டவில்லை, ஆனால் அந்தக் குரலுக்கு மறுபேச்சு இல்லை. தறியில் சேலை உடலையும் முந்தியையும் இணைத்துப் பேட்டு கட்டும்போது யார் கூப்பிட்டாலும் திரும்பாமல் இருப்பாரே, அந்த ஆள். அந்த ஆளை நான் பார்த்து எத்தனை நாளாயிற்று! பந்தல் நிழலில் நின்று வாய்பிளந்து பார்த்தேன். கடைசிப் பாத்தி முடிந்ததும் கிணற்றில் தண்ணீர் மிச்சம் இருக்கும்போதே மோட்டாரை நிறுத்தினார். மிச்சம் டீச்சரம்மாவுக்கு என்றார்.

அடுத்து வந்த காலைகளில் நானும் கூடப் போனேன். எந்தப் பழம் எப்போது வாயைப் பிளக்குமோ என்று கொத்துக் கொத்தாகத் தூக்கிப் பார்த்தோம். ஓரத்து வரிசையில் கொஞ்சம் பழம் சுருங்கிப் போயிருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். மற்றது எல்லாம் கல்லு மாதிரி நின்றது. ஒன்றுகூட வெடிக்கவில்லை. மெல்ல மெல்ல முழுசாகக் கறுத்து, மேலே நல்ல பழத்துக்கு வருகிற சாம்பல் பூத்தது. வேலூரிலிருந்து வந்த பழ வியாபாரி ஒன்றைப் பிய்த்து வாயில் போட்டார், ரெண்டாவதைப் போட்டார், மூன்றாவதைப் போட்டுக்கொண்டே, "சின்னதா இருக்குதேன்னு பாத்தேன். தேனா இருக்குதுங்க. இது இந்த ஊர் பழம்னு சொன்னா எவன் நம்புவான்?" என்றார். நம்பாவிட்டால் போகட்டும், தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு வாருங்கள், நான் பேசிக்கொள்கிறேன் என்றேன்.

அறுப்பு முடிந்த வாரம். நான் தறியில் இருந்தேன். இவர் வெளியே கிளம்புகிற மும்முரத்தில் இருந்தார். அண்ணன் போன் வந்தது. ரெண்டு கையும் வேலையாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டார்.

"மாப்ளே, பழம் நல்லா போச்சாமே, சந்தோஷம்யா. வருஷத்துல மிச்ச மாசம் சொம்மாதானே இருப்ப? அந்தச் செக்யூரிட்டி வேலை இன்னும் காலியாத்தான் இருக்குது. வர்றியா?"

"முடியாது மச்சான். எனக்கு வேலை இருக்குது."

"அறுப்புதான் முடிஞ்சிடுச்சே, இன்னும் இன்னா வேலை?"

"கொடி வெட்டணும், மண்ணு பாக்கணும். டீச்சரம்மா அடுத்து எள்ளு போடறாங்க. தண்ணி எப்ப வுடறதுன்னு நான் வந்து பாத்து சொன்னாத்தான் வுடுவாங்களாம். எனக்காகக் காத்துகினு இருக்காங்க. நெறைய வேலை கெடக்குது மச்சான், அப்பால பேசறேன்."

போனை வைத்துவிட்டு, காலைச் சாய்த்துச் சாய்த்து அவசரமாக வாசலைத் தாண்டினார். மொபெட் கிளம்பியது. தறியில் பாதி நெய்த மணப்பெண் சேலை கிடந்தது. பட்டில் ஒரு சொட்டு விழுந்தாலும் தடம் நின்றுவிடும். அதனால் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, ஆசை தீர அழுதேன்.